நடைபலகை

ஏறிட்டேன். இவ்வளவுதானா? வலது காலா இடது காலான்னு யோசிக்கக்கூட நேரமில்ல, பின்னால ஒருத்தன் பிள்ளை வண்டியத் தள்ளிக்கிட்டு நிக்கான், அவனுக்கு வழி விடணுமேன்னு வச்ச கால், வச்சாச்சு, இரும்புப் பலகை லேசா ஆடிச்சு, அவ்வளவுதான், ஆறு ஆறாத்தான் ஓடுது, படகு படகாத்தான் நிக்கு. மாதாவே, இதுக்கா இம்புட்டுக் காலமும் பயந்து செத்தேன். லண்டனுக்கு வந்து இருபது வருசத்துக்கு மேல ஆச்சு, இந்தத் தேம்ஸ் ஆத்த பஸ்ஸுல பாலத்து மேல கடக்கிறதோட சரி, அதுவும் ஜன்னல் பக்கம் இருக்க மாட்டேன். நான் நர்ஸா இருக்கிற ஆஸ்பத்திரியில வருசாவருசம் படகுல விருந்து வைப்பாவ, எனக்கும் வருசாவருசம் அன்னைக்குன்னு பாத்துத் தலைவலி வரும். இன்னைக்கு ஏறிட்டேன். எல்லாம் இந்தப் பெனிட்டா பாத்த வேலை. பதினேழு வயசு, எனக்கு ஒரே மக, டிக்கெட்ட எடுத்துட்டு வந்து நீட்டுதா, "மாமாவுக்கு கிரீன்விச் காட்டணும்மா, அங்க பழைய பாய்மரக் கப்பலக் கரையில ஏத்தி வச்சிருக்காங்க, ஊரே கப்பல்காரங்க ஊரு, அதப் பாத்தா மாமா மனசு மாறிடும்." மாறும், நல்லா மாறும். அந்த மாமா, என் கூடப் பிறந்த ரெமி அண்ணன், தூத்துக்குடியில இருந்து வந்து ரெண்டு வாரமாகுது, படகுக்குள்ள கால் வைக்கதுக்கு முன்னால என்ன செஞ்சான் தெரியுமா, குனிஞ்சு ரெண்டு ஷூவையும் கழட்டிட்டான். எங்க ஊர்ல செருப்புக் காலோட தோணியில ஏற மாட்டாவ, கோயிலுக்குள்ள போற மாதிரிதான். டிக்கெட் பாக்கிறவன் முழிக்கான், பெனிட்டா வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கா, என் வீட்டுக்காரர் ஸ்தனிஸ் "மச்சான், இங்க அதெல்லாம் வேண்டாம், குளிருது"ன்னு கெஞ்சுதாவ, அண்ணன் காதுல வாங்கல, ஷூவக் கையில தூக்கிக்கிட்டு வெறுங்காலோட நடந்து போய் சீட்டுக்குக் கீழ வச்சுட்டு உக்காந்துட்டான். எனக்குச் சிரிப்பு வரல. என் கையும் செருப்பு வாருக்குப் போயிட்டுது, பாதி வழியில பிடிச்சு நிறுத்தினேன்.

நகருது. எஞ்சின் உறுமுதது உள்ளங்கால் வழியா ஏறி முட்டி வரைக்கும் வருது. தண்ணி வத்தின நேரம், கரையோரம் சேறும் கூழாங்கல்லுமா தெரியுது, தண்ணி பால் கம்மியா ஊத்தின டீ நிறம். கதவு திறந்து மூடும்போதெல்லாம் அந்த வாடை, ஆயிலும் ஈரக்கயிறும் பாசியும் சேந்த வாடை, இந்த வாடைக்கு என்ன தைரியம், பாஸ்போர்ட்டு விசா ஒண்ணும் கேக்காம நேரா வந்து எனக்கு ஒன்பது வயசாக்கிட்டுது. தோணித்துறை. சாயங்கால வெயிலு. வெங்காய மூட்டையும் ஓட்டுக் கட்டும் ஏத்தி முடிச்சு மாலத்தீவுக்குப் போக நிக்குது அப்பாவோட தோணி. தோணிய நடத்திக் கொண்டு போற தலைவருக்குத் தண்டல்னு பேரு, எங்க அப்பா தண்டல், அந்தத் தெருவுக்கே பெரிய ஆளு. தோணிக்குப் பேரு ஞானமரியம்மாள். கேட்டியளா கூத்த, பேரு பொம்பளப் பேரு, முன்னால மாட்டியிருக்கிறது மாதா படம், புதுத்தோணியக் கடல்ல இறக்கும்போது மாலை போட்டு கல்யாணப் பொண்ணு மாதிரி சோடிச்சு இறக்குவாவ, ஆனா உசுரோட ஒரு பொம்பள கால் வச்சா மட்டும் காத்து திரும்பிரும், தோணி முங்கிரும். இத யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல, தீயில கைய வைக்கக் கூடாதுங்கிற மாதிரி எங்களுக்குத் தெரியும். அன்னைக்கு அப்பா ஜெபமாலைய வீட்டுல மறந்து வச்சுட்டுப் போயிட்டாவ, அம்மா "ஓடுட்டி, ஓடுட்டி"ன்னு விரட்டினா, ஓடினேன், நடைபலகை நுனியில நின்னு கைய நீட்டினேன், அதுக்கு மேல ஒரு அடி வைக்கல, சத்தியமா வைக்கல. அப்பா ஜெபமாலைய வாங்கல. என் மணிக்கட்டப் பிடிச்சாவ. கையெல்லாம் தாரு. "வாட்டி"ன்னு ஒரு தூக்கு, அவ்வளவுதான், நான் தோணியில நிக்கேன். சுக்கான் கட்டையப் பிடிக்கச் சொன்னாவ, வெயில்ல காஞ்சு சூடா இருந்துது, ரெண்டு கையாலயும் பிடிச்சேன், "பிடிச்சாச்சா? இப்பம் நீயும் தண்டல்தான்"னு சொல்லிச் சிரிச்சாவ. அப்பா சிரிச்சா மேல்பல்லு ஒண்ணு இல்லாதது தெரியும். அந்த நேரம் கரையில இருந்து ஒரு சத்தம், "எறங்குட்டி! மூதேவி, எறங்குட்டி கீழ!" ரெமி அண்ணன். பதினாலு வயசு, தொண்டை அப்பம்தான் உடைஞ்சிருக்கு, பாதிக் குரல் கீச்சுன்னு வருது. நான் பலகையில கூட நடக்கல, குதிச்சேன், முட்டி சிராய்ச்சு ரத்தம், எழும்பி ஓடினேன், திரும்பிப் பாக்கல. பாத்திருக்கலாம். ஒரு வாட்டி திரும்பிப் பாத்திருந்தா அப்பா முகம் எப்படி இருந்துதுன்னாவது தெரிஞ்சிருக்கும்.

தோணி வரல. ஒரு பலகைத் துண்டு கூட வரல. அப்புறம் நடந்ததுல எது முன்னால எது பின்னாலன்னு எனக்கு இப்பம் கூட ஒழுங்கா வராது, அத்தை என்ன உலுக்கினது, கோயில் வாசல்ல பொம்பளையள் என்னப் பாத்ததும் பேச்ச நிறுத்தினது, அம்மா ஒரு வார்த்தை திட்டாம என்னப் பாக்காமலே தலை பின்னி விட்டது. திட்டியிருக்கலாம். எனக்குப் பேரே மாறிப் போச்சு, செலஸ்டின்னு யாரும் சொல்லல, "தோணியில ஏறினவ." கல்யாணத்துக்குப் பேசி வந்தவிய ரெண்டு தரம் கதவு வரைக்கும் வந்து திரும்பினது அதனாலதான், ஸ்தனிஸ் உள்நாட்டுக்காரர், கடல் சங்கதி தெரியாது, கட்டிக்கிட்டாவ. நல்லா இருக்கு நியாயம்! அப்பா போனது வைகாசி கடைசி. கச்சான் காத்து தொடங்கிட்டுன்னா தோணியக் கரையில இழுத்துக் கட்டிப் போடணும், புரட்டாசி வரைக்கும் ஒருத்தனும் போகக் கூடாது, அதுதான் துறையில உள்ள நடப்பு. அந்த வருசம் மத்த தோணி எல்லாம் கட்டியாச்சு. ஞானமரியம்மாள் மட்டும் நிக்குது, ஏன், முதலாளிக்கு இன்னும் ஒரு நடை போகணும். மூட்டைய ஏத்த ஏத்த அவ தண்ணிக்குள்ள இறங்கிக்கிட்டே போனத நான் பாத்தேன், ஒன்பது வயசுப் பிள்ளைக்குத் தெரிஞ்சுது, இதுக்கு மேல சரக்கு ஏத்தக் கூடாதுன்னு பக்கத்துல பூசியிருந்த வெள்ளைக் கோடு முங்கிட்டுது. துறையில உள்ள எல்லாருக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரியும், அதனாலதான் அன்னைக்கு அப்படிச் சிரிச்சாவளோ என்னமோ. ஆனா யாராவது முதலாளி வீட்டு வாசல்ல போய் நின்னாவளா? நின்னா அடுத்த சீசனுக்கு வேலை கிடைக்காது. என் வாசல்ல நின்னா யாருக்கு என்ன போச்சு? இருபது கிலோ கூட இல்லாத பிள்ள, அத்தனை டன் சரக்கோட போன தோணிய நான் முக்கிட்டேன், அடேயப்பா, என் கால என்னன்னு நினைச்சாவ. சிரிக்கணும் போல இருக்கு. ஆனா பாருங்க, அவ்வளவும் தெரிஞ்சும், படிச்சும், எத்தனையோ சாவப் பாத்து இந்தக் கையாலேயே கண்ண மூடி விட்டும், ஒரு படகப் பாத்தா என் கால் பின்னால போகும். அதுதான் எனக்கு ஆத்திரம். ஊரு சொன்னது எனக்கு வெளியில இல்ல, உள்ள வந்து குடியிருக்கு, வாடகை கூடத் தராம.

"அம்மா, பாலம்! மேல பாரு!" பெனிட்டா என் தோளப் பிடிச்சு உலுக்குதா. ரெண்டு கோபுரம் வச்ச பெரிய பாலம் தலைக்கு மேல போகுது, அடிப்பக்கம் இரும்பும் நிழலுமா, சில்லுன்னு ஒரு இருட்டு விழுந்து விலகுது. அவ கண்ணு பாலத்துல இல்ல, தண்ணியில இருக்கு, எங்க ஆழம் எங்க ஓட்டம்னு பாக்கா, எனக்குத் தெரியும், அப்பாவும் கடல அப்படித்தான் பாப்பாவ, கண்ணச் சுருக்கி, கடன்காரனப் பாக்கிற மாதிரி. தாத்தாவ அவ படத்துல கூடப் பாத்தது கிடையாது, படமே கிடையாது, இந்தக் கண்ணு எந்த வழியா வந்துது? கப்பல் படிப்புக்கு இடம் கிடைச்சிருக்கு அவளுக்கு, முடிச்சா சரக்குக் கப்பல்ல அதிகாரி, திங்கக்கிழமை காலையில போன் பண்ணி வாரேன் வரலைன்னு சொல்லணும். இன்னைக்குச் சனி. நேத்து சாப்பிடும்போது அண்ணன் சொன்னான், அவளப் பாத்துச் சொல்லல, குழம்புச் சட்டியப் பாத்துச் சொன்னான், "நம்ம வீட்டுல ஏற்கனவே ஒரு பொட்டப்பிள்ள ஏறிப் பட்டது போதாதா? தாய்மாமன் நான் உசுரோட இருக்கும்போது இது நடக்காது." பெனிட்டா என்னப் பாத்தா. ஸ்தனிஸ் "மச்சான் சொல்லுறதையும் யோசிக்கணும்ல"ன்னு இழுத்தாவ, நல்ல மனுசர், ஆனா யோசிக்கிறதத் தவிர வேற ஒண்ணும் செய்ய மாட்டாவ. நான் என்ன செஞ்சேன்? மீன்ல முள்ளு எடுத்துக்கிட்டு இருந்தேன். நான், வார்டுல பெரிய டாக்டரையே "இந்த மருந்து இந்த நோயாளிக்கு ஆகாது, மறுபடி பாருங்க"ன்னு நிறுத்தி வைக்கிறவ, அண்ணன் ஒரு வார்த்தை சொன்னதும் முட்டி சிராய்ச்ச பிள்ளையா ஆயிட்டேன். பெனிட்டா தட்டத் தள்ளி வச்சுட்டு எழும்பிப் போயிட்டா, பாதிச் சோறு அப்படியே கிடந்துது. அந்தச் சோத்தப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு தலைமுறைக்கு என்னக் கொடுத்தாச்சு, போதும்லா, அடுத்ததையும் வாயத் திறந்து கேக்கு இந்தப் பேச்சு.

படகு வேகம் எடுக்குது. ரெண்டு பக்கமும் பழைய செங்கல் கிட்டங்கியள், ஒரு காலத்துல ஊரு உலகத்துச் சரக்கெல்லாம் இங்கதான் இறக்கி அடுக்கி வைப்பாவளாம், இப்பம் பால்கனியில செடி வளக்காவ. வளைவுல படகு சாயுது, காப்பிக் கோப்பை வழுக்கிக்கிட்டு வருது, அண்ணன் முன்சீட்டுக் கம்பிய ரெண்டு கையாலயும் பிடிக்கான். வெளுத்துப் போச்சு அந்தக் கை. தண்டல் மகன். தண்டலாகணும்னு திரிஞ்சவன், அதுக்கப்புறம் ஒரு சின்ன வள்ளத்துல கூட ஏறல, உப்பளத்துல கணக்குப் பாத்தே தலை நரைச்சுட்டு. அவனும் பயந்துதான் கிடந்திருக்கான், அவனுக்குப் பாவம் பாக்கேன், பாத்துட்டு உடனே எனக்குக் கோபம் வருது, ஏன்னா அவன் பயத்துக்கு என் பேர வச்சான். பெனிட்டா விடாம, "மாமா, பயமா இருக்கா? அந்தத் தூரத்துல பாருங்க, கிட்டப் பாத்தாத்தான் தலை சுத்தும்"னு சொல்லுதா. அண்ணன் "எனக்கு ஒண்ணுமில்ல. ஒனக்குத்தான் சொல்லுதேன் பிள்ள, தண்ணி நமக்கு ஆகாது, ஒங்கம்மாட்ட கேளு, ஒரு நாள் கால் வச்சா, என்ன ஆச்சுன்னு கேளு"ன்னான். அவ முகம் என் பக்கம் திரும்புது. என் தொண்டையில முள்ளு. நேத்து எடுத்த முள்ளு எல்லாம் அங்கதான் போய் நிக்குது போல. எனக்கே தெரியாம என் குரல் வந்துது, வார்டு குரல், "நான் கால் வைக்கலண்ணே. அப்பாதான் ஏத்தினாவ. கையப் பிடிச்சுத் தூக்கி ஏத்தினாவ." சொல்லிட்டேன். இந்த வாக்கியத்த யாரும் எங்கிட்ட ஒரு நாளும் கேக்கல, ஏன் ஏறினன்னு அடிச்சாவ, எப்படி ஏறினன்னு கேக்கல. அண்ணன் என்னப் பாக்கல, வெறுங்கால் விரலப் பாத்துக்கிட்டு மெதுவா, "பாத்தேன்"ன்னான்.

பாத்தானாம். எஞ்சின் சத்தத்துல தப்பாக் கேட்டுட்டேனோன்னு குனிஞ்சேன், "என்னது?" "பாத்தேன்ட்டி. கரையிலதான நின்னேன். ஒன்னத் தூக்கி ஏத்தினதப் பாத்தேன்." எனக்குக் கை கால் எல்லாம் சூடாகுது, சுக்கான் கட்டையப் பிடிச்ச சூடு. அத்தை என்ன உலுக்கினப்போ இவன் பக்கத்துல நின்னான், பெண் பாக்க வந்தவிய திரும்பிப் போனப்போ வாசல்ல இவன்தான் வழியனுப்பினான், அம்மா சாகுற வரைக்கும் என் கண்ண நேராப் பாக்கல, இவன் அந்த வீட்டுலதான் இருந்தான். "பொறவு ஏன் சொல்லல?" "என்ன சொல்லச் சொல்லுத? தண்டலே துறை வழக்கத்த மீறினாருன்னா? செத்தவருக்குப் பழி வைக்கச் சொல்லுதியா?" குரல் உடையுது, அதே பதினாலு வயசுக் கீச்சு. ஐயோ அண்ணே. செத்தவருக்கு என்ன கெட்டுப் போகும்? "உசுரோட இருந்தவ நான்லா"ன்னேன். கத்தல, மெதுவாத்தான் சொன்னேன், ஆனா முன்சீட்டுக்காரி திரும்பிப் பாத்தா, பாக்கட்டும். அப்பா பேரக் காப்பாத்த ஒரு பிள்ளைய எடுத்து அடைச்சாச்சு, தோணியில ஓட்டை விழுந்தா கையில கிடைச்ச துணிய அடைக்கிற மாதிரி. அப்பா கேட்டிருந்தா இவனத்தான் அறைஞ்சிருப்பாவ. அப்பாவுக்கு ஒரு குத்தமும் இல்ல, வழக்கம் பொய்யின்னு அப்பாவுக்குத் தெரியும், தெரிஞ்சுதான் தூக்கினாவ, சாகப் போற நடைக்கு முன்னால எம்மகளுக்கு இதக் காட்டிரணும்னு தூக்கினாவ. இது எனக்கு எப்படித் தெரியும்னு கேட்டா தெரியாது. ஆனா இனிமே இப்படித்தான் வச்சுக்கிடுவேன், ஊரு வச்சுக்கிட்ட கதைய விட இது ஒண்ணும் மோசமில்ல.

வேகம் குறையுது. வானத்த முட்டுற கண்ணாடிக் கட்டடங்கள், பேங்குக்காரவிய துறை, கிரீன்விச் இதுக்கு அடுத்தது. படகுல வேலை பாக்கிற ஒரு பொம்பளப் பிள்ள, பெனிட்டாவ விட ரெண்டு மூணு வயசு கூட இருக்கும், சூயிங்கம் மென்னுக்கிட்டே வந்து கயித்த ஒரு வீச்சுல முளையில மாட்டி இறுக்குதா, அண்ணன் முகத்தத் திருப்பிக்கிடுதான். திருப்பினவன் விசுக்குன்னு எழும்பிட்டான். "போதும். எனக்கு வயித்தப் பிரட்டுது. எல்லாரும் இங்கயே எறங்குவோம், ரயில்ல போவோம், ஸ்தனிஸ் மாப்பிள, வாங்க." யாருக்கும் பதில் சொல்ல நேரம் கொடுக்காம நடக்கான், ஸ்தனிஸ் என்னப் பாக்காவ, அவனப் பாக்காவ, "தனியா விட முடியாதும்மா, வழி தெரியாது"ன்னு முனங்கிக்கிட்டே பின்னால ஓடுதாவ. போகட்டும், அதுவும் சரிதான், விருந்தாளி. பெனிட்டா பையத் தோள்ல மாட்டிட்டா, கண்ணுல தண்ணி நிக்குது, மாமா ஜெயிச்சுட்டாங்கன்னு நினைக்கா. நானும் எழும்பிட்டேன், பழக்கம், இந்தக் கால் என் கால் இல்ல, நடைபலகை வரைக்கும் வந்துட்டேன். அண்ணன் அந்தப் பக்கம் இறங்கி நின்னுட்டுத் திரும்பினான், சுத்தி இத்தனை பேரு நிக்காவ, கைய ஆட்டிக்கிட்டு, "எறங்குட்டி!" அதே வார்த்தை, அதே கை. என் முட்டியில அந்தத் தழும்பு சுருக்குன்னுது. கயித்துக்காரப் பிள்ள என்னக் கேக்கா, இறங்குறீங்களா இருக்கீங்களா, சீக்கிரம் சொல்லுங்க. பின்னால பெனிட்டாவோட மூச்சு கேக்குது. குதிச்சு ஓடினவளுக்கு அப்பா முகம் தெரியாமலே போச்சு. "இருக்கேன்"ன்னேன் அந்தப் பிள்ளைகிட்ட. அப்புறம் அண்ணனப் பாத்து, தமிழ்ல, துறை முழுக்கக் கேக்க, "எறங்க மாட்டேன்!"

பலகைய இழுத்துட்டா. கயிறு வந்து விழுந்துது. நடுவுல தண்ணி ஒரு சாண், ஒரு முழம், ஒரு தெரு அகலம். பெனிட்டா என் கைய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நிக்கா. "திங்கக்கிழமை என்னன்னு சொல்லப் போற?" "வாரேன்னு." "சத்தமாச் சொல்லு, எஞ்சின் சத்தத்துல கேக்கல." "வாரேன்னு சொல்லப் போறேன்!" நல்லா இருக்கு குரல், கப்பலுக்குப் பத்தும். திறந்த தளத்துக்குப் போனோம், காத்து முடியப் பிச்சு எறியுது, எறியட்டும், இந்தக் காத்து என்னால ஒண்ணும் திரும்பல, அது பாட்டுக்கு அடிக்குது. தூரத்துல வளைவு தாண்டி மூணு மரம் தெரியுது, பாய்மரம், கயிறு கயிறா, வானத்துல சிலந்தி வலை மாதிரி. "அதாம்மா, அந்தக் கப்பல்!" நான் பாத்துக்கிட்டே நிக்கேன், தொண்டையில முள்ளு இல்ல. அப்பம்தான் அவ "ஐயோ, மாமா ஷூ!"ன்னு உள்ள ஓடினா, சீட்டுக்குக் கீழ இருந்து எடுத்துக்கிட்டு வந்தா, நல்லா பாலீஷ் போட்ட கறுப்பு ஷூ, உள்ள சாக்ஸ் மடிச்சு வச்சிருக்கு. திரும்பிப் பாத்தேன். இந்தத் தடவை திரும்பிப் பாத்தேன். துறையில குளிர்ந்த இரும்பு மேல அண்ணன் வெறுங்காலோட நிக்கான், ஒரு காலத் தூக்கி மறு காலு மேல வைக்கான், அப்புறம் அத இறக்கி இதத் தூக்குதான், வாயத் திறந்து என்னமோ சொல்லுதான், பக்கத்துல ஸ்தனிஸ் தன் ஷூவக் கழட்டிக் கொடுக்கலாமான்னு யோசிச்சுக்கிட்டு நிக்காவ. எனக்குச் சிரிப்பு வந்துட்டுது, கூடவே அழுகையும் வந்துட்டுது, வரட்டும். ரெண்டு ஷூவையும் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அடிவயித்துல இருந்து கத்தினேன், "அண்ணே! ஷூ எங்கிட்ட இருக்கு! வேணும்னா கிரீன்விச்சுக்கு வந்து வாங்கிக்க! ரயில்ல வந்தா தர மாட்டேன், படகுல ஏறி வா!"